ஒன்பது மணித் தண்ணீர்

"அந்தம்மா நேத்து என்ன கழுத்து போட்டிருந்தாங்க பாப்பா?"

காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது சித்தி இதைக் கேட்பாள். அந்தம்மா என்றால் ராதிகா. கழுத்து என்றால் ஜாக்கெட்டின் கழுத்து. 2000ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயது. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு காம்பவுண்டில் எங்கள் வீடு கடைசி. சித்தி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள், புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்தாள். வருகிற பெண்கள் துணியை மிஷின் மேல் வைத்துவிட்டு, "ராதிகா போட்டிருந்துச்சே, அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த மாதிரி என்று சித்திக்குத் தெரியாது. ஊரே உட்கார்ந்து பார்த்த 'சித்தி' சீரியலை எங்கள் காம்பவுண்டில் பார்க்காத ஒரே ஆள் என் சித்திதான்.

காரணம் தண்ணீர். மெட்ரோ வாட்டர் ராத்திரியில்தான் வரும். ஆறு வீட்டுக்கும் ஒரே அடிபம்பு. எட்டரையிலிருந்து பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும், 'நான் காலையிலயே போட்ட குடம்' என்று சண்டை நடக்கும். ஒன்பது மணிக்கு மேல் நித்யஸ்ரீ மகாதேவன் குரலில் டைட்டில் பாட்டு ஆறு வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே சமயத்தில் கிளம்பும். குடத்தை விட்டது விட்டபடி எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். சித்தி வெளியே போவாள். அரை மணி நேரத்துக்கு மொத்த பம்பும் அவளுக்குத்தான். டி. கே. பட்டம்மாளின் பேத்தி பாடிய பாட்டும் துருப்பிடித்த பம்பின் கிறீச்சும் சேர்ந்துதான் இன்றைக்கும் எனக்கு அந்த டைட்டில் பாட்டு. யூடியூபில் பம்பு இல்லாமல் கேட்டால் ஏதோ குறைகிறது.

என் அம்மா 1998இல் இறந்துபோனாள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு எட்டு மாதம் போய்வந்தோம். எனக்கு நினைவிருப்பது திரும்பிவரும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்துகொள்வதுதான். ஆறு வயதுத் தோள், எவ்வளவு தாங்கும், நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். 2000 ஜூன் மாதம் வடபழனி கோயிலில் அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அதுவரை ஏன் கல்யாணமாகவில்லை என்பதற்குத் தெருவில் மூன்று காரணங்கள் உலவின. சீராக வந்தது ஒரு தையல் மிஷின்.

"சித்தின்னு கூப்பிடு" என்றாள் ஆயா.

தமிழில் இந்தச் சொல் ஒரு விசித்திரம். அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. முதல் சித்தி லீவுக்குப் போனால் முறுக்கு சுட்டுத் தருகிறவள். இரண்டாவது சித்தி கதைகளில் வருகிறவள், குழந்தைக்குப் பழையது போட்டுவிட்டுத் தன் பிள்ளைக்கு நெய்ச்சோறு போடுகிறவள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குழந்தை எதைக் குறிக்கிறது என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் எந்தக் குரலில் கூப்பிட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

சன் டிவியில் 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை ஓடியது 'சித்தி'. இயக்கியவர் சி. ஜே. பாஸ்கர். மனைவியை இழந்தவராக சிவகுமார். அவரைக் கட்டிக்கொண்டு வந்து, அவருடைய குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்கிற சாரதாவாக ராதிகா. இரண்டாம் தாரத்தை நல்லவளாகக் காட்டியதில் அது முதலும் இல்லை. 1966இல் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் 'சித்தி' என்றே ஒரு படம் எடுத்திருந்தார், பத்மினிதான் அதில் சித்தி. ஆயா அதைக் காமதேனு டாக்கீஸில் பார்த்ததாகச் சொல்வாள். அந்தப் படத்தில் பத்மினியைக் கட்டிக்கொள்கிற, பிள்ளைகுட்டிக்கார வயசாளியாக நடித்தவர் எம். ஆர். ராதா. முப்பத்து மூன்று வருடம் கழித்து அவர் மகள் அதே பெயரில் சீரியல் எடுத்து, இம்முறை சித்தியாகத் தானே நடித்தார். இதில் திட்டம் ஏதும் இருந்ததா என்பது வேறு விஷயம். ஆயாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "அப்பன் சித்திய கட்டிக்கினான், பொண்ணு சித்தியாவே ஆயிட்டா" என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சொல்லிவிட்டு என் சித்தியைப் பார்ப்பாள். அந்தப் பார்வைதான் பிரச்சினை.

சாரதா நிறையப் பேசினாள். என் சித்தி பேசவே மாட்டாள். சாரதா குழந்தையைக் கட்டிக்கொண்டாள். என் சித்திக்கு என் பக்கத்தில் வந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், முந்தானை நுனியில் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். சாரதாவுக்குக் கண் நிறைந்து வரும். என் சித்தி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் நேரடியாகவே கேட்டாள். "உங்க சித்தி ராதிகா மாதிரியா, இல்ல கொடுமைக்காரியா?" மூன்றாவதாக ஒரு பதில் இருக்க முடியும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொடுமைக்காரச் சித்தி என்கிற பழைய கதையை அந்த சீரியல் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டது, சரிதான். தள்ளிய இடத்தில் இன்னொரு சித்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. வாரத்தில் ஐந்து நாள் ராத்திரி ஊரிலிருந்த எல்லா இரண்டாம் தாரங்களும் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தி அளக்கப்பட்டார்கள்.

ராதிகாவின் மேல் இதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரை யார் எங்கே நிறுத்தினார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்ட பிறகு மரியாதைதான் கூடியது. பிறந்தது 1962. பாரதிராஜாவின் இரண்டாவது படமான 'கிழக்கே போகும் ரயில்' 1978 ஆகஸ்டில் வந்தபோது அவருக்குப் பதினாறு நிரம்பவில்லை. இலங்கையிலும் இங்கிலாந்திலும் பள்ளிக்கூடம் போன பெண், கிராமத்துப் பாஞ்சாலியாக வந்தார். அடுத்த வருடமே அப்பா காலமாகிவிட்டார். எண்பதுகளில் ரஜினியோடு மட்டும் 'போக்கிரி ராஜா', 'மூன்று முகம்', 'நல்லவனுக்கு நல்லவன்', 'ஊர்க்காவலன்' என்று வரிசையாகக் கதாநாயகி. 1985இல் தானே தயாரித்து நடித்த 'மீண்டும் ஒரு காதல் கதை', அதன் இயக்குநர் பிரதாப் போத்தனுக்கு முதல் படத்துக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது. இருபத்து மூன்று வயது நிரம்பும் முன்பே தயாரிப்பாளர்.

இப்போது 1999க்கு வாருங்கள். அந்த ஏப்ரலில் 'படையப்பா' வருகிறது. ரஜினிக்கு நாற்பத்தெட்டு வயது, சௌந்தர்யாவும் ரம்யா கிருஷ்ணனும் அவருக்காகப் போட்டி போடுகிறார்கள். பன்னிரண்டு வயது இளையவரான ராதிகாவுக்கு சினிமா கொடுக்கத் தயாராக இருந்தது அக்கா, அண்ணி, அம்மா. அதே வருடக் கடைசியில் அவர் தன் வயதுக்கேற்ற ஒரு பெண்ணை மையத்தில் வைத்து, தினமும் அரை மணி நேரம் மொத்தத் தமிழ்நாட்டையும் உட்காரவைத்தார். இதைத் 'திரும்பி வந்தார்' என்று எழுதுவார்கள். எங்கேயும் போகாதவர் எப்படித் திரும்பி வருவார்? கதவை மூடியது சினிமா. அவர் பக்கத்து வீட்டைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டார்.

சொந்தம் என்பதை நிஜமாகவே சொல்கிறேன். ராடான் நிறுவனத்தை அவர் தொடங்கியது 1994இல். அன்றைக்கு சன் டிவியில் நடைமுறை இப்படி இருந்தது: தயாரிப்பாளர் சேனலுக்கு நேரக் கட்டணம் கட்டி ஸ்லாட் வாங்க வேண்டும். எடுக்கிற செலவும் அவருடையது. அந்த அரை மணிக்குள் வருகிற விளம்பர நேரத்தை அவரே விற்றுப் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். சீரியல் படுத்தால் கதாநாயகிக்கு அடுத்த வாய்ப்பு போகும், தயாரிப்பாளருக்கு வீடே போகும். இரண்டு பேரும் ஒரே ஆள் என்றால்? சாரதா அழுகிற ஒவ்வொரு ராத்திரியும் ராதிகா கணக்குப் பார்த்துக்கொண்டும் இருந்தார். அந்த அழுகை தெலுங்கில் 'பின்னி'யாகப் போய் ஆந்திராவையும் அழவைத்தது.

அழுகை எப்படித் தயாராகிறது என்பது எங்கள் வீட்டில் தெரிந்த விஷயம். அப்பா அவுட்டோர் யூனிட்டில் லைட்மேன். 'சித்தி'யில் வேலை செய்ததில்லை, ஆனால் அந்தக் காலத்தில் ஓடிய வேறு பல சீரியல்களில் செய்திருக்கிறார். அடையாறு காந்தி நகரிலும் ஈசிஆர் ஓரத்திலும் வாடகைக்கு எடுத்த பங்களாக்களில் காலை ஏழு மணிக்கு லைட் கட்டினால் ராத்திரி ஒன்பதுக்கு இறக்குவார்கள். ஒரு நாளில் ஒரு எபிசோடாவது முடிந்தாக வேண்டும். ஒரே ஹாலில் ஒரு மாதத்துக்கான காட்சிகளைச் சேர்த்து எடுப்பார்கள். காலையில் மகள் கல்யாணத்துக்குச் சிரிக்கிற அம்மா, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அதே சோபாவில் மகளின் சாவுக்கு அழ வேண்டும், நடுவில் புடவை மட்டும் மாறும். அந்தப் புடவையும் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்தப் புடவை. கன்டினியூட்டிக்காக எந்த எபிசோடில் எது என்று நோட்டில் எழுதிவைத்திருப்பார்கள். வசனம் கையில் கிடைப்பது ஷாட்டுக்கு முன்னால். மனப்பாடம் செய்ய நேரம் ஏது? கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அசிஸ்டென்ட் டைரக்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, கேட்டது தெரியாமல் முகத்தை வைத்துக்கொண்டு பேச வேண்டும். தொண்டையை டப்பிங் தியேட்டரில் இன்னொரு பெண் கொடுப்பாள்.

"அழுவுற சீனுக்குக் கீழயிருந்து தெர்மாகோல் புடிப்போம். அப்பத்தான் கண்ல தண்ணி மின்னும்" என்பார் அப்பா. "கிளிசரின் போட்டா மொத டேக்ல எரிச்சல்ல கொட்டும். மூணாவது டேக்ல வராது. அப்ப அதுங்களா எதையோ நெனச்சிக்கினு அழும் பாரு, அதப் பாக்க முடியாது. நான் வேற பக்கம் திரும்பிக்குவேன். தெர்மாகோல் ஆடும், கேமராமேன் திட்டுவான்."

அம்மா இறந்த அன்று அப்பா அழவில்லை. வாசலில் போட்டிருந்த டியூப்லைட் மின்னிக்கொண்டே இருந்தது, ஸ்டூல் போட்டு ஏறி அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பெரிய நடிகைகளைச் சொல்லும்போது இந்த மற்றவர்களும் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். நாத்தனாராக, ஓரகத்தியாக, பின்னால் காபி தட்டு ஏந்தி நிற்பவளாக, நாள் சம்பளத்துக்கு வந்துபோனவர்கள். அப்பா அவர்களில் சிலரைப் பெயர் சொல்லித்தான் பேசுவார். கவரிங் நகை வாங்க தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போகும்போது பர்தா போட்டுக்கொண்டு போன ஒரு வில்லி நடிகையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். முகம் தெரிந்தால் ஜனங்கள் திட்டுவார்களாம். சம்பளம் கதாநாயகியின் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, திட்டு மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

அந்தப் பொய்யைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறேன்.

2000 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். மிஷின் ராத்திரி ஒரு மணிவரை ஓடும். கச்சேரி ரோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா, பட்டுப்புடவைக்கு இலைப்பச்சை நிறத்தில் ஜாக்கெட் துணி கொண்டுவந்து கொடுத்தார். நல்ல துணி. வெள்ளிக்கிழமை எபிசோடில் ராதிகா போட்டிருந்த அதே கழுத்து வேண்டும் என்றார். சனிக்கிழமை காலை தலை பின்னும்போது கேள்வி வந்தது. அதற்கு முந்தின நாள், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் சித்தி கையெழுத்துப் போட்டுவிட்டாள். அம்மா என்று அச்சடித்திருந்த இடத்தில். கேட்காமல். அந்த நோட்டை நான் யாருக்கும் தெரியாமல் கிழித்துப் போட்டிருந்தேன், வாத்தியாரம்மாவிடம் அடியும் வாங்கியிருந்தேன்.

"முதுகுல ஜன்னல் வெச்சிருந்தாங்க" என்றேன்.

"ஜன்னலா? அந்தம்மாவா?"

"ஆமா. பெரிய ஜன்னல். கயிறு கட்டி, மணி தொங்கினு இருந்துச்சி."

ராதிகா அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. சாரதாவைத் தெரிந்த யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். சித்திக்கு சாரதாவைத் தெரியாது. அவள் வரைந்து காட்டினாள், நான் பென்சிலை வாங்கி ஜன்னலை இன்னும் பெரிதாக்கினேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜாக்கெட்டை விரித்துப் பார்த்ததும் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. "என்னைப் பாத்தா எப்படிம்மா தெரியுது உனக்கு?" என்று ஆரம்பித்து, காம்பவுண்டில் ஆறு வீடும் கேட்கிற மாதிரி பேசினார். சித்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாப்பாதான் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்வாள் என்று கதவுக்குப் பின்னால் நின்று காத்துக்கொண்டிருந்தேன். சொன்னால், கொடுமைக்காரி என்பதற்கு எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தி.நகருக்குப் பஸ் ஏறினாள். பனகல் பார்க் பக்கம் நாலைந்து கடை ஏறி இறங்கி அதே பச்சையில் துணி வாங்கி வந்து, அன்றைக்கு ராத்திரியே மூடின கழுத்தில் தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் புதுப்புடவை கட்டவில்லை என்பதை நான் கவனித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று கணக்குப் போடத் தெரிகிற வயதுதான். போடவில்லை.

அடுத்த வாரம் மறுபடி அதே கேள்வி. "அந்தம்மா நேத்து என்ன கழுத்து?" உண்மையைச் சொன்னேன்.

2001 பிப்ரவரியில் ராதிகாவுக்கும் சரத்குமாருக்கும் கல்யாணம் நடந்தது. சீரியல் உச்சத்தில் இருந்த நேரம். சரத்குமாருக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள், ராதிகாவுக்கு ஒரு பெண். காம்பவுண்டில் வாரக்கணக்கில் இதே பேச்சு. "நெசமாவே சித்தி ஆயிட்டா பாரேன்!" சீரியலும் வாழ்க்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். இனி சந்தேகமே இல்லை, அந்தப் பெண்களையும் சாரதா மாதிரிதான் பார்த்துக்கொள்வாள். பம்படியில் யாரோ என் சித்தியிடம் கருத்து கேட்டார்கள். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அவங்களுக்கு அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்னு நெனச்சிருந்தேன். பாவம்."

ரொம்ப வருடம் கழித்து, அந்தப் பெண்களில் மூத்தவரான நடிகை வரலட்சுமி ஒரு பேட்டியில், ராதிகா தன் அப்பாவின் இரண்டாவது மனைவி, அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறேன், அம்மா ஒருவர்தானே என்கிற அர்த்தத்தில் பேசினார். அவர்களுக்குள் நல்ல மரியாதை உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். அதைப் பலர் சர்ச்சையாக்கப் பார்த்தார்கள். எனக்கு அதைப் படித்ததும் நெஞ்சில் ஏதோ இறங்கியது போல இருந்தது. சாரதாவின் வீட்டிலேயே அப்படித்தான் என்றால், நான் அம்மா என்று கூப்பிடாதது அவ்வளவு பெரிய குற்றமாக இருக்காது.

2001 கோடையில் பம்பில் தண்ணீர் நின்றுபோனது. தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி வைத்தார்கள், லாரி வரும். லாரிக்கு சீரியல் நேரம் தெரியாது. சில நாள் சரியாக அந்த நேரத்துக்கு வந்துவிடும், அன்றைக்குத் தெருவே இரண்டு மனசாகத் தவிக்கும். அந்த நவம்பரில் சீரியல் முடிந்தது. கடைசி எபிசோடு அன்றைக்கும் சித்தி தெருமுனையில்தான் இருந்தாள். பிறகு 'அண்ணாமலை' வந்தது, 'செல்வி' வந்தது, 'அரசி' வந்தது. நடுவில் தேவயானியின் 'கோலங்கள்' 2003இல் தொடங்கி ஆறு வருடம் ஓடியது. நான் பாவாடையிலிருந்து சுடிதாருக்கு மாறி, ராணி மேரி கல்லூரிக்குப் போய், அங்கே 'மெகா தொடர்களும் பெண்ணடிமைத்தனமும்' என்று ஒரு கருத்தரங்கக் கட்டுரை வாசித்தேன். கைதட்டல் நன்றாக இருந்தது. கட்டுரையில் லைட்மேன் வரவில்லை, ஸ்லாட் வரவில்லை, தண்ணீர் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் கண்ணீரில் மூழ்கியிருப்பதாக எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் குடம் நிரப்பிய ஒருத்தி தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டுதான் வாசித்தேன்.

2013இல் ஆரம்பித்த 'வாணி ராணி'யில் ராதிகாவுக்கு இரட்டை வேடம், அது 2018 டிசம்பர் வரை போனது. ஐம்பது வயதுக்கு மேல், ஒரு சீரியலில் இரண்டு ஆளாக, ஆறு வருடம். ஆண் நட்சத்திரம் யாராவது செய்திருந்தால் புத்தகமே போட்டிருப்பார்கள். 2019 கடைசியில் பெண்கள் மட்டும் கலந்துகொண்ட 'கோடீஸ்வரி'யை நடத்தினார். காது கேளாத, வாய் பேச முடியாத மதுரைப் பெண் ஒருவர் அவருடைய உதட்டசைவைப் படித்துப் பதில் சொல்லி 1 கோடி ரூபாய் ஜெயித்தார். 2024இல் விருதுநகரில் தேர்தலுக்கு நின்று தோற்றார், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா 2017இல் போய்விட்டார். காம்பவுண்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். நானும் சித்தியும் மந்தைவெளியில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். மோட்டார் போட்டால் குழாயில் தண்ணீர் வருகிற வீடு. 2020 ஜனவரியில் 'சித்தி 2' தொடங்கியது. மார்ச்சில் ஊரடங்கு வந்து படப்பிடிப்பே நின்று, சில மாதம் கழித்து மறுபடி வந்தது. தி.நகர் ஆபீசை வீட்டு டைனிங் டேபிளுக்குக் கொண்டுவந்திருந்த எனக்கும், துணி வராமல் மிஷினை மூடிவைத்திருந்த சித்திக்கும் ஒன்பது மணிக்கு வேறு வேலை இல்லை. இருபது வருடத்தில் முதல்முறையாக சித்தி டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாற்பத்தொன்பது வயது, மூக்குக்கண்ணாடி. ராதிகாவுக்கு ஐம்பத்தெட்டு.

கதை அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. "இந்தக் கை சரியா உக்காரல. காட்டன்ல லைனிங் இல்லாம தெச்சிருக்காங்க" என்பாள். யாராவது சதி செய்கிற முக்கியமான காட்சியாக இருக்கும்.

ஒரு விளம்பர இடைவேளையில் சொல்லிவிட்டேன். முன்னேற்பாடு எதுவும் இல்லை. "சித்தி, அந்த ஜன்னல் வெச்ச ஜாக்கெட், கச்சேரி ரோடு அம்மா திட்டினாங்களே, நான் வேணும்னேதான் பொய் சொன்னேன்."

"எந்த ஜாக்கெட்டு?"

எத்தனையோ ராத்திரி நான் புரண்டு படுத்த விஷயம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. இலைப்பச்சை என்றேன், தீபாவளி என்றேன், மணி என்றேன்.

"ஓ, அந்தப் பச்சையா? நல்ல துணி அது. அதப் பிரிச்சித்தான உனக்குப் பாவாடைக்கு சட்டை தெச்சேன். பொங்கலுக்குப் போட்டுக்கினியே. போட்டோகூட இருக்கு."

இருக்கிறது. கபாலீஸ்வரர் கோயில் குளத்தங்கரையில், 2001 பொங்கல் அன்று அப்பா எடுத்தது. மாம்பழ மஞ்சள் பாவாடை, இலைப்பச்சை சட்டை, சிரிக்காத நான். ஆல்பத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். சட்டையின் முதுகு அதில் தெரியவில்லை.

பொய் சொன்னதைப் பற்றி அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சீரியல் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

2021 பிப்ரவரியில், மெகா தொடர்களிலிருந்து விடைபெறுவதாக அறிவித்து 'சித்தி 2'விலிருந்து ராதிகா விலகினார். தொடர் நிற்கவில்லை, அடுத்த வருடம் வரை அவர் இல்லாமலே ஓடியது. விஷயத்தைச் சொன்னபோது, "சித்தி இல்லாம சித்தியா?" என்று கேட்டுவிட்டு, அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு, "போவட்டும். எத்தினி வருசம் அழுவாங்க" என்றாள்.

இப்போது ராத்திரிகளில் பழைய 'சித்தி'யை யூடியூபில் போட்டுக் காட்டுகிறேன். முதல் எபிசோடிலிருந்து. படம் மங்கலாக இருக்கிறது, ஒலி இரைகிறது. டைட்டில் பாட்டு வரும்போது பழக்கத்தில் எழுந்துவிடுகிறாள், அடுப்படி வரை போய்விட்டுத் திரும்பி வருகிறாள். நேற்று சாரதா அழுகிற ஒரு காட்சி. கண் நிறைந்து, கீழேயிருந்து யாரோ பிடித்த தெர்மாகோலின் வெளிச்சத்தில் மின்னியது. எனக்குத் தொண்டை அடைத்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் சித்தி. "கொஞ்சம் பின்னாடி போ."

போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"தோள்ல ஒரு சுருக்கம் இருக்கு பாரு. அவசரத்துல தெச்சிருக்காங்க."